ஹங்கேரிப் புலிக்குச் சோறு போட்ட என் அக்காவுக்கு

என் லூர்தக்காவுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். இன்றைக்கே அத்தானும் நானும் போய் உன் இடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, செவந்திப் பூவுக்கும் சொல்லிவைத்துவிட்டு வந்தோம். நாளைக்குக் கூட்டமாக இருக்கும். சாமியார் கல்லறை மந்திரிக்கும்போது நான் உன்னிடம் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தால் நல்லாவா இருக்கும்? அதனால்தான் இந்தக் கடிதம். நம் பங்குக் கோயில் மலரில் போடுகிறேன் என்றிருக்கிறார்கள். ஊரே படிக்கட்டும், உனக்கென்ன வெட்கம்?

முதலில் விளையாட்டுச் சேதி. டெஸ்ட் மேட்ச் மறுபடியும் டிரா. நீ இருந்திருந்தால் கரண்டியைக் கீழே போட்டிருப்பாய். "அஞ்சு நாளா அடுப்பெரிச்சுட்டு, கடைசியில இலையே போடாம எல்லாரும் எந்திரிங்கன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!" என்று நீ முன்னே ஒருதரம் சொன்னதை என் பஸ்ஸில் எல்லாருக்கும் சொன்னேன். வேடசந்தூரில் இறங்க வேண்டிய ஒரு வாத்தியார் சிரித்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரை வந்துவிட்டார். இப்போது பயணிகள் கையிலேயே டிரான்சிஸ்டர் கொண்டுவருகிறார்கள் அக்கா. "எங்கய்யா எறங்கணும்?" என்று கேட்டால் "நாலு விக்கெட்" என்கிறார்கள். நான் எந்த ஊருக்கு டிக்கெட் கிழிப்பது?

ஃபுட்பால் கதை இன்னும் மோசம். மில் டீமுக்கு பெங்களூரிலிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். பேருக்கு அவர்கள் நூற்புப் பிரிவுத் தொழிலாளிகள். பஞ்சைக் கையில் கொடுத்தால் காதில் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களை நம் ஊர் தபால்காரர்கள் டீம் ரெண்டு கோல் போட்டு அனுப்பிவிட்டது. தினமும் வெயிலில் நடக்கிற கால்களோடு மோதினால் வேறென்ன நடக்கும்?

குஸ்திக் கம்பெனியும் ஊருக்கு வந்திருக்கிறது. சுவரெல்லாம் போஸ்டர். அதைப் பார்த்ததிலிருந்து உன் நினைப்புத்தான்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நீயும் அத்தானும் மெஸ் நடத்தினீர்கள். சில வருஷம் முன்னால் இதே மாதிரி வந்த ஒரு குஸ்திக் கம்பெனி, மெஸ் சுவரில் போஸ்டர் ஒட்ட விட்டதற்காக ரெண்டு பாஸ் கொடுத்தது. "மனுசன் மனுசன அடிக்கிறத நான் எதுக்குப் பாக்கணும்?" என்று அத்தான் படுத்துக்கொண்டார். நீயும் நானும் போனோம். தட்டி கட்டிய மைதானத்தில், பெண்களுக்கென்று கயிறு கட்டிய இடத்தில் நீ முன்வரிசையில் உட்கார்ந்தாய். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான்.

அன்றைக்கு பஞ்சாப் சிங்கத்துக்கும், முகமூடி போட்ட ஹங்கேரிப் புலிக்கும் சண்டை. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நீ மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏலே அந்தோணி, நல்லா கவனி. அந்தப் புலிக்குச் சத்தம் முன்னால வருது, அடி பின்னால வருது."

மறுநாள் மத்தியானம் அந்தப் புலியும் சிங்கமும் நம் மெஸ்ஸிலேயே பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். ராத்திரி கழுத்தை நெரித்த கை, இப்போது சிநேகமாக அப்பளத்தை நகர்த்தி வைத்தது. முகமூடி இல்லாத புலியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே ராத்திரி மேடையில் கண்ட அதே முழங்கால் தழும்பைப் பார்த்த உனக்குத் தெரிந்துவிட்டது.

"யக்கா, செத்த ரசம் ஊத்துங்க" என்றான்.

நீ ஊற்றிக்கொண்டே குனிந்து, "ஹங்கேரில எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டாய்.

அவனுக்குப் புரையேறிவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, "சாத்தூருக்குத் தெக்கக்கா. பேரு செல்லையா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க, பொழப்புப் போயிரும்" என்றான்.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ அடி விழுந்தப்பறம் கத்தப் பழகு. நாங்க பாஸ்ல வந்தவுக, எங்களுக்குப் பரவால்ல. டிக்கெட் வாங்கி வந்தவன் என்ன பாவம் பண்ணினான்?"

அவன் சிரித்த சிரிப்பில் சிங்கமும் என்னவென்று தெரியாமலே சிரித்தது. பாவம், அந்த ஆளுக்குத் தமிழில் 'சோறு' என்ற ஒரு வார்த்தைதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி ஆட்டம். மறுபடியும் அதே ஜோடி. சிங்கம் புலியைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிப் போட்டது. எப்போதும் பாய் நடுவில் விழுகிறவன் அன்றைக்குத் தவறி, மேடை ஓரத்துக் கட்டையில் தோள்பட்டை இடிக்க விழுந்தான். கூட்டம் விசிலடித்தது. "எந்திரிடா புலி! நடிக்காதடா!" என்று கடலைத் தோலை அள்ளி வீசினார்கள். நடுவர் எண்ண ஆரம்பித்தார். வழக்கம்போல அடுத்த குத்துக்குச் சிங்கம் ஓடிவந்தது.

நீ எழுந்து நின்றுவிட்டாய்.

"அந்தோணி, அவன் கத்தலடா. சத்தமே வரல. நெசமாப் பட்டுருச்சுடா!"

"உக்காருக்கா, எல்லாரும் பாக்குறாக" என்று நான் உன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாய். "புலிக்குச் சொந்தக்காரி போலடா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்த, மைதானமே சிரித்தது. நீ திரும்பியே பார்க்கவில்லை. மேடை மேல் ஏறி, உன்னைவிட ரெண்டு மடங்கு உயரமான சிங்கத்துக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டி, "நில்லு" என்றாய். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனாலும் நின்றுவிட்டான்.

அப்புறம் நீ அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அத்தனை ஜனத்துக்கும் கேட்கும்படி, "தம்பி... செல்லையா... எங்கப்பு வலிக்குது?" என்றாய்.

"கை வரலக்கா" என்றது ஹங்கேரி.

அப்படியொரு அமைதியை நான் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. அடுத்த நிமிஷம் ரகளை. "காசத் திருப்பிக் குடு!" என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை நேரம் கடலைத் தோல் வீசியவர்களே, "வண்டி கொண்டாங்கப்பா, நம்ம ஊருப் பயலப்பா!" என்று ஓடினார்கள். கம்பெனிக்காரர் கோபத்தோடு வந்து, "ஆட்டத்தக் கெடுத்திட்டியே, நீ யாரும்மா?" என்றார்.

"சோறு போட்டவ" என்றாய்.

குதிரைவண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது, முகமூடியைக் கழற்றட்டுமா என்று அவனைக் கேட்டாய். வேண்டாம் என்று தலையாட்டினான். ஆளுக்கு அழுகை வந்துவிட்டது போல. நீ விட்டுவிட்டாய். நான் உன்னிடம் அதிகம் மதித்த இடம் அது அக்கா. பேரைச் சொல்லி உயிரைக் காப்பாற்றினாய், முகத்தை அவன் இஷ்டத்துக்கு விட்டாய்.

கம்பெனி மறுநாளே திருச்சிக்குக் கிளம்பிவிட்டது, அவனை விட்டுவிட்டு. சிங்கம் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு, பஞ்சாபியில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதது. அந்த வலது கை இனிமேல் தோளுக்கு மேலே போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அவனை மெஸ்ஸுக்குக் கூட்டிவந்தாய். "இம்புட்டுப் பெரிய ஆளுக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்று கேட்ட அத்தான்தான், ராத்திரி அவனுக்கு முதலில் பாய் விரித்தார்.

ஒருநாள் அவன் தண்ணித் தொட்டிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இனி என்னக்கா செய்வேன்? எனக்கு விழ மட்டுந்தான் தெரியும்" என்றான்.

"விழுந்தது போதும். ஒக்காந்து வெங்காயம் உரி" என்றாய்.

உரித்தான். மழைக்காலம் முடிவதற்குள் ரெட்டியார்சத்திரம் பக்கம் போய் மெஸ்ஸுக்குக் காய்கறி பிடித்துவருகிற ஆளாகிவிட்டான். அங்கேயே பெண் எடுத்தான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சடுகுடு நடந்தால் இப்போது அவன்தான் நடுவர். வலது கை மேலே போகாததால் அவுட்டுக்கு இடது கையைத் தூக்குவான். எவனாவது காலைப் பிடித்துக்கொண்டு பொய்யாக உருண்டால், பக்கத்தில் குனிந்து, "தம்பி, நான் இதுலயே சம்பளம் வாங்குனவன். எந்திரி" என்பான். எழுந்துவிடுவார்கள்.

இந்தச் சித்திரையில் மஞ்சள்காமாலை வந்து படுத்தவள் நீ எழுந்திரிக்கவே இல்லை. உன் பெட்டியைத் தூக்கும்போது செல்லையாவை வலது தோள் கொடுக்கிற பக்கம் நிற்கச் சொன்னார்கள். அவன் மறுபக்கம் மாறி, நல்ல தோளைக் கொடுத்தான். மைதானம் வரைக்கும் சத்தம் போட்டுக் கேலி பேசிக்கொண்டு போன உன்னைக் கல்லறை வரைக்கும் சத்தமில்லாமல் கொண்டுபோனோம். உனக்கு அது பிடித்திருக்காது, இல்லையா?

அத்தானைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மெஸ் நடக்கிறது. கூட்டு பொரியல் வெஞ்சனத்தில் உப்பு முன்னே பின்னே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஆயுசில் ஒரு ஆட்டம் பார்க்காத மனுஷன், இப்போதெல்லாம் மத்தியான வேலை முடிந்ததும் ரேடியோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இங்கிலீஷ் கமெண்ட்ரி. ஒரு எழுத்துப் புரியாது. போன வாரம் நான் டூட்டி முடிந்து வந்தபோது கேட்டேன்.

"என்னத்தான், யாரு ஜெயிக்கிறா?"

"தெரியலப்பா. இந்நேரம் இந்த வீட்டுல சத்தம் இருக்கும்ல... அதான் வச்சேன்."

பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் பந்து போடுகிறார், யார் அடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். செத்த நேரம் கழித்து அவரே, "இவன் எதுக்குப்பா இம்புட்டு மெதுவா ஆடுறான், பசிக்கலையா அவனுக்கு?" என்றார். உன் வீட்டுக்காரர்தான் அக்கா, சந்தேகமே இல்லை.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள். பொங்கலுக்கு ஃபுட்பால் பைனல் நடக்கிறது. அவரைக் கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்பார், செல்லையாவை விட்டுத் தூக்கிவரச் சொல்வேன். நடுவில் தூங்கிவிட்டால் கோல் விழும்போது எழுப்பிவிடுகிறேன். யாருக்கு விழுந்தாலும் கையைத் தட்டட்டும். அவரைத் தனியாக உட்கார விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி,
கண்டக்டர் அந்தோணி