காந்தலூர் வளைவில் நீ என்னை ஓட்டச் சொன்னாய்

தோழி,

இன்று காலை கஞ்சிக்கோட்டு ஷெட்டுக்கு நம் வண்டி ஒன்று சர்வீசுக்கு வந்தது. கதவைத் திறந்ததும் குப்பென்று ஏலக்காய் வாசனை. உங்கள் ஆனைக்கரைப் பக்கத்து டீச்சர் ஒருவர் வாங்கியதாம். வாரநாளில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை ஏலக்காய் மூட்டை. ராலிப் பந்தயத்தில் சேற்றை வாரி இறைக்கும் அதே வண்டிக்குள் குடையும் டிபன் பாக்ஸும் கிடந்தன. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உன் நினைவு வந்தது.

முதலாளி கேட்டது இதைத்தான். நாலு சக்கரமும் இழுக்கும் ஒரே வண்டி. ராலியிலும் ஓட வேண்டும், கடையிலும் விற்க வேண்டும். கட்டுகிற கூட்டத்தில் நான். ஓட்டிப் பார்த்துச் சொல்பவள் நீ. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் உன் அப்பாவின் ஜீப்பில் பழகிய கை உன்னுடையது. அந்த வருஷத்து ராலியில் நீதான் ஓட்டுவது என்று முடிவாகி, கதவில் உன் பெயர் எழுத ஆள்கூடப் பார்த்துவிட்டோம். அதுவரை நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ராலி நாள் நெருங்கியதால் முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி நேராகப் பூட்டியிருந்தோம். வளைவில் முன்சக்கரம் சற்றுக் கூடுதலாக ஓடியாக வேண்டும். சேற்றில் அது வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை, ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும். நல்ல டிரைவர் சமாளித்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டோம். நல்ல டிரைவர் என்றால் எங்களுக்கு நீதான்.

ஓட்டிப் பார்க்கக் காந்தலூர் மலைக்கு முதலாளியையும் ஏற்றிக்கொண்டு போனோம். சேற்று மேட்டில் வண்டி ஏறிய ஏற்றத்துக்கு, பின்சீட்டில் இருந்த அவர் கைதட்டினார். திரும்பும்போது தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் நீ வண்டியை ஓரங்கட்டினாய்.

“சார், இது தார்ல திரும்ப மாட்டேங்கு.”

“ராலில ஓட்டப்போறது நீதானம்மா? உனக்குத் திரும்புதில்ல?”

“எனக்குத் திரும்புது சார். வாங்குதவங்களுக்குத் திரும்பாது.” இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாய். “ஏட்டி, நீ ஓட்டு.”

“விளையாடாதடி. நா ஓட்டுற லட்சணம் உனக்குத் தெரியாதா?”

“நீ ஓட்டுனா நத்தை ஹாரன் அடிச்சு வழி கேக்கும். அதான் உன்னய ஓட்டச் சொல்லுதேன்.”

ஓட்டினேன். மெதுவாகத்தான். வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுத்தும் வண்டி திரும்பாமல் நேரே போய், கைப்பிடிச் சுவரை முட்டாத குறையாக நின்றது. சுவருக்கு அப்பால் பள்ளம். என் கால் வெகுநேரம் பிரேக்கை விடவில்லை.

“இத மாத்தோணும்னா?” என்றார் முதலாளி. அவர் குரலும் இறங்கியிருந்தது.

“நடுவுல ஒரு டிஃபரன்ஷியல் வெக்கோணுங்க சார். முன்னாலயும் பின்னாலயும் தனித்தனி வேகத்துல சுத்தும், சேறு வந்தாப் பூட்டிக்கலாம். ஆனா இந்த ராலிக்குள்ள வேலை முடியாதுங்க” என்றேன்.

அவர் உன்னைப் பார்த்தார். நீ சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “ராலி வருசா வருசம் வரும் சார். மாத்துங்க.”

மாற்றினோம். அந்த வருஷத்து ராலி நமக்குத் தவறிப்போனது. அடுத்த வருஷம் வேறொருவர் ஓட்டி ஜெயித்தார். அப்போது நீ ஆனைக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாய். உன்னை அடக்கம் செய்த அன்று உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “காந்தலூர் போறதுக்கு முந்தியே அக்காவுக்குத் தெரியும்க்கா. ஒரு வருசம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

உனக்கு வாய்த்தது அந்த ஒரு ராலிதான். அதைத்தான் வருஷா வருஷம் வரும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறாய். உன்மேல் உள்ள கோபத்தை இன்னும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், முதலாளியிடம் எதையாவது சொல்லிச் சமாளித்து, வண்டியை அப்படியே விட்டு, உன்னை ராலியில் ஓட்ட வைத்திருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ சொல்லவில்லை.