கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம்

டிசம்பர் 13

மனைவி மெர்லினுக்கு நேற்று ஐந்தாவது கீமோ ஏறியது. கடைசி ஒன்று ஜனவரி 2-ல். அதுவரை சின்னக் காய்ச்சல்கூட ஆபத்து, வீட்டில் கூட்டம் சேர்க்காதீர்கள் என்றார் டாக்டர். டிசம்பர் மாதம், ராயபுரத்தில், ஒரு கிறிஸ்தவ வீட்டில். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

எங்கள் மளிகைக் கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படிக் கம்பிக் கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன். வெளியே வாளியில் தண்ணீர், சோப்பு, ஒரு பெட்டி மாஸ்க்.

டிசம்பர் 15

முதலில் மாட்டியது மீன்காரச் செல்லம்மா. காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்து நேராக எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பழகியவர், மெர்லினின் உயிர்த்தோழி. சோப்பைக் காட்டினேன். "நான் கய்விக்கிறேன் அண்ணாச்சி. மீனுக்கும் மாஸ்க் போடணுமா?" என்றார். மேலே மெர்லின் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 18

சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். நம் ஆட்களுக்குத் தலையில் கை வைக்காமல் ஜெபிக்கத் தெரியாது. முடி கொட்டிய தலை என்றால் இரண்டு கையும். கதவுக்கு வெளியே நின்றே ஜெபியுங்கள், கர்த்தருக்குக் காது கேட்கும் என்றேன். ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

டிசம்பர் 20

சாயர்புரத்திலிருந்து சீனியம்மாள் அக்கா வந்து இறங்கினாள். சொல்லாமல், இருமிக்கொண்டே. "ஏலே சாலமோனு, லேசா சளிதாம்ல. இதெல்லாம் ஒரு சீக்கா?" அப்படியே ஆட்டோவில் ஏற்றி எர்ணாவூரில் சித்தப்பா மகன் வீட்டில் விட்டேன். "தம்பி வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு ஆயிட்டு" என்று இறங்கும்போது அழுதாள். நான் என்னதான் செய்ய? எல்லாருக்கும் நல்லவனா இருக்க முடியுமா? போங்க, நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்.

டிசம்பர் 21

பூட்டு போட்டாயிற்று. யாரும் வரவில்லை. நல்லது.

டிசம்பர் 22

சாயங்காலம் கேரல் பாடகர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கிதார், டிரம், கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம் சேர்த்து ஒரு பட்டாளம். அத்தனை பேரும் வாயைத் திறந்து பாடுகிறவர்கள். தெருமுனையிலேயே காணிக்கைக் கவரைக் கொடுத்து, இந்த வருடம் எங்கள் வீடு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

மேலே போனால் மெர்லின் புதுச் சேலை கட்டி, தலையில் ஸ்கார்ஃப் சுற்றி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் பாடியவள். "தெருவுல நின்னே பாடியிருப்பாங்களே" என்றாள். அவ்வளவுதான். இரவு சாப்பிடவில்லை.

அவளுக்காகத்தானே செய்கிறேன்?

டிசம்பர் 25

அதிகாலை ஆராதனைக்கு நான் மட்டும் போனேன். கை குலுக்க வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு. மாஸ்க்கைக் கழற்றவே இல்லை.

டிசம்பர் 27

தொண்டை கரகரவென்கிறது. உடம்பு சுடுகிறது.

மாஸ்க்கைக் கழற்றவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். திருவிருந்தில் கழற்றினேன். முழங்கால் போட்டதும் கை தானாக அதை இறக்கிவிட்டது, சிறு வயதுப் பழக்கம். சபையே வாய் வைத்துக் குடித்த ஒரே திராட்சரசப் பாத்திரம். அதிலிருந்து வந்ததோ, கடையிலிருந்து வந்ததோ, யார் கண்டது. ஊருக்கெல்லாம் சோப்பு நீட்டினேனே — முட்டாப்பய, முட்டாப்பய.

மெர்லினுக்குக் காய்ச்சல் வந்தால்?

கீழே கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. மேலே அவளுக்குத் துணை செல்லம்மா. என்னைக் கேட்காமலேயே வந்து, சோப்புப் போட்டு, மாஸ்க் மாட்டி நின்றார். "கைய மோந்து பாக்குறியா அண்ணாச்சி?" கம்பிக் கதவை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியை மெர்லினிடம் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 29

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. மணிக்கொரு தரம் கீழேயிருந்து கேட்கிறேன். கத்தாதீங்க, தொண்டை கெடும் என்கிறாள்.

டிசம்பர் 31

சாயங்காலம் மேல்படியில் வந்து உட்கார்ந்தாள். நான் கதவுக்கு வெளியே.

"கேரல் பாட்ட அனுப்பிட்டீங்கல்ல. இப்ப நீங்க பாடுங்க."

"தொண்டை கட்டியிருக்கு."

"மாஸ்க் போட்டுக்கிட்டுப் பாடுங்க."

பாடினேன். எனக்கு என்றைக்கும் ராகம் நின்றதில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாவது பாட்டில் அவள் குரலும் சேர்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நல்லவேளை, மாஸ்க்.

ஜனவரி 2

ரத்தப் பரிசோதனையில் மெர்லினுக்கு வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருக்கின்றன. கடைசி கீமோ ஏறிவிட்டது. செல்லம்மாதான் கூட்டிப்போய் வந்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

எனக்கு இருமல் நிற்கவில்லை, அதனால் சாவி இன்னும் அவளிடம்தான். கதவைப் பூட்டிவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வந்துருங்க. அந்த ரெண்டாவது பாட்ட சரியா பாடணும்" என்றாள்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன்.