பேராயர் பதவிக்கு உன் சம்மதம்

என் பிரியமானவளே,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே சிதறிக் கிடந்த முப்பத்தொரு சபைகளைச் சேர்த்துப் புதுத் திருமண்டலம் ஆக்கிவிட்டார்கள். அதன் முதல் பேராயருக்கான தேர்தல் சனிக்கிழமை நடந்தது. நின்ற இருவருக்கும் நாலு சுற்றாகியும் போதிய வாக்கு விழவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடுபனியில் மரங்கள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு படகோட்டி எழுந்து என்னைக் காட்டினார்.

"இந்தப் பாதிரி ஐயரு எங்க எல்லார் வீட்டுக்கும் நடந்தே வந்தவருங்க."

ஐந்தாம் சுற்றில் என் பெயரை வாசித்தார்கள். யாரோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன்! கைதட்டல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருந்தது. அந்த நொடியில் நீ மாடிப்படியில் தலை துவட்டிக்கொண்டு நிற்பது அப்படியே தெரிந்தது.

பயப்படாதே, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் வீட்டுக்கே வந்துவிடுவதாக உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டால் ஓய்வு பெறும்வரை இங்கேதான்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும்" என்றேன்.

"பேராயருக்கே உத்தரவு வீட்டுலதானா?" என்றார் தேர்தல் நடத்தியவர்.

மண்டபமே சிரித்தது. ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் அனுப்பு, துவைக்காமல்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். வேண்டாமென்றால் வேண்டாம் என்றே எழுது, வருத்தப்பட மாட்டேன். சரியென்றால் எதுவும் எழுதாதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீயே கிளம்பி வா.

உன்னவன்