பேரைப் போட்டுத்தான் அச்சுக்குப் போகிறது, மச்சான்

என் பேச்சை ஒருநாளும் கேட்காத மச்சான் ஏகாம்பரத்துக்கு,

உன் மொபெட்டை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். கேரியரில் இன்னும் அந்தப் பருத்திக் கயிறு கிடக்கிறது. புத்தகக் கட்டின் ஓரத்தை அறுக்காத கயிறு வேண்டும் என்று முதன்முதலாக என் கடைக்கு வந்தாயே, அன்று கொடுத்த ரகம். மாட்டுக்கும் கிணற்றுக்கும் லாரிக்கும் கயிறு விற்றவன் நான். புத்தகத்துக்குக் கேட்டு வந்த முதல் ஆள் நீ. இவன் தேறமாட்டான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேதான் அளந்து கொடுத்தேன்.

வியாபாரக் கண்ணுக்கு அது சரியான கணிப்புதான். பாதி நிலத்தை விற்றுப் பதிப்பகம் ஆரம்பித்தாய். நூலக ஆர்டர் வரும் வரும் என்று உட்கார்ந்தாய், வரவில்லை. சென்னைக் கடைக்காரர்கள் உத்திரமேரூர் முகவரியைப் பார்த்ததும் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். திருவல்லிக்கேணியில் என் சகலை வீடு இருக்கிறது, அந்த முகவரியைப் போட்டுக்கொள் என்று சொன்னேன். "உன் கடை போர்டுல ஏன் மச்சான் பாரிஸ் கார்னர்னு எழுதிக்கல?" என்று கேட்டாய். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

அப்புறம் வாரச் சந்தையில் கருவாட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சாக்கு விரித்தாய். லாரி டிரைவர் சொன்ன கதை, பிரசவம் பார்த்த அம்மாவின் அனுபவம், நடவுக்குப் போகிறவர்களின் பேச்சு. யார் வாங்குவார்கள் என்று நான் சிரித்தேன். யாரைப் பற்றிய புத்தகமோ அவர்களே வாங்கினார்கள். சரக்கு எங்கே போகும் என்று எனக்கு முன்னால் நீ கண்டுபிடித்தாய். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

உன் வழக்கம் ஒன்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எந்தப் புத்தகத்தையும் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், அது எந்த ஊரைப் பற்றியதோ அங்கே போய் வாசித்துக் காட்டுவாய். புத்தகத்தில் வருகிறவர் எழுந்து நின்று மாற்று என்றால் மாற்றுவாய். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அது ஏன் என்று கேட்டேன். "எழுதினவங்க படிச்சா ஜனம் கூச்சப்படும். நான் படிச்சா என்னைத் திட்டிட்டுப் போவும்" என்றாய். திட்டு வாங்கவே பிறந்த மாதிரி அப்படி ஒரு சிரிப்பு.

அமுதாவின் கையெழுத்துப் பிரதியையும் அப்படித்தான் அவள் ஊரில் வாசிப்பதாக இருந்தாய். கல் குவாரிக்குப் பக்கத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள். வெடியில் விரிசல் விட்ட சுவருக்குள் உட்கார்ந்து அந்த ஊரை எழுதியிருந்தாள். நாள் குறித்துத் தண்டோராவும் போட்டுவிட்டு, வாசிக்காமலே நீ கண்ணை மூடிவிட்டாய். இது என்ன நியாயம் மச்சான்?

உன் காரியம் முடிந்ததும் உன் பெண்டாட்டி சரோஜா பிரதியைக் கடைக்குக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள். "அவரு படிக்கறதா ஊருக்குச் சொல்லிட்டாரு அண்ணே. இப்ப யாரு படிக்கறது?" அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை.

அதற்குள் விஷயம் குவாரிக்கும் எட்டிவிட்டது. அவர்கள் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் என்னிடம்தான் எடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடையை மூன்று கடையாக்கிய வாடிக்கை அது. மேனேஜர் வந்து டீ குடித்தார். வெடிக்காமல் போன குழியைப் பார்த்துவர ஓர் ஆளை அனுப்பினார்களே, அவன் குனிந்து பார்த்தபோது வெடித்துச் செத்தானே, அந்த ஒரு பாகத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "உங்களுக்கு எதுக்கு பாய் இந்த பேஜாரு?" என்று அக்கறையாகக் கேட்டார். கயிறு என்றால் கேட்ட அளவுக்கு வெட்டித் தருவேன், இது வெட்டி விற்கிற சரக்கு இல்லை என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

நீ குறித்த நாளிலேயே போனேன். தண்ணீர் டேங்குக்குக் கீழே ஜனம் உட்கார்ந்திருந்தது. மேனேஜரும் செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அமுதா தலை குனிந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஆரம்பித்ததுமே ஒருவர், கயிறு விற்கிற ஆளுக்குக் கல் உடைக்கிற ஊரில் என்ன வேலை என்றார். "வாயில வெடி வெச்சிடுவேன், படிக்க வுடு" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது. சிரித்தார்கள். நானும் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

அந்தப் பாகம் வந்தது. உன் பென்சில் அங்கே ஓடியிருந்தது. செத்தவன் பேரை அமுதா எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வந்த இடத்திலெல்லாம் 'ஒரு பையன்' என்று மாற்றியிருந்தாய். அவன் அம்மா முனியம்மா இன்னும் அதே குவாரியில் ஜல்லி அள்ளிப் பிழைக்கிறாள், அவளுக்குக் கெடுதல் வரக் கூடாது என்றாயாம். நல்ல எண்ணம்தான். நானும் நீ திருத்தியபடியே வாசித்தேன்.

முனியம்மா எழுந்தாள்.

"இன்னா பாய், ஒரு பையன் ஒரு பையன்னே படிச்சிக்கினு கீறே? எம்புள்ளைக்குப் பேரு கீது. பரந்தாமன். இனிஷியலோட போடு."

மேனேஜர் இருப்பதைக் கண்ணால் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, அவரை நன்றாகவே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரேஷன் கார்டுல அடிச்சிட்டாங்க. நீங்களும் அடிச்சிட்டா அவன் எங்கதான் இருப்பான்?"

செல்போன் பிடித்த மேனேஜரின் கை தானாகக் கீழே இறங்கியது.

மச்சான், நீ செய்தது தப்பு. உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், இப்போதும் சொல்கிறேன். யாருக்காகப் பயந்தாயோ அவளுக்கே அந்தப் பயம் இல்லை. ஆனால் அவள் எழுந்து நின்று கேட்க இடம் வைத்ததும் உன் வழக்கம்தானே? அதனால் மன்னித்துவிட்டேன். உன் பென்சிலை ரப்பர் வைத்து நானே அழித்தேன்.

மறுநாளிலிருந்து குவாரி லாரி என் கடை வாசலில் நிற்பதில்லை. நிற்காவிட்டால் போகட்டும். கயிறு அழுகிற சரக்கு இல்லை, வேறு ஆளுக்கு விற்கத் தெரிந்துதான் கடை வைத்திருக்கிறேன். முனியம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஊர்ப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

புத்தகம் அச்சில் இருக்கிறது. பரந்தாமன் பேர் இனிஷியலோடு வருகிறது. முதல் பக்கத்தில் உத்திரமேரூர் என்றுதான் இருக்கும். முதல் பிரதி முனியம்மா கைக்கு. வாரச் சந்தையில் கருவாட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் உன் சாக்கை நானே விரிப்பேன். அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன். அடுத்த பிரதியைக் கொண்டுவா என்று அமுதாவிடம் சொல்லிவிட்டேன், அவளும் தலையை நிமிர்த்திச் சரி என்றாள். படித்துக் காட்டித்தான் அச்சடிப்பேன். திட்டுகிறவர்கள் இனி என்னைத் திட்டட்டும்.

பருத்திக் கயிற்றால்தான் கட்டுகிறேன், கவலைப்படாதே.

உன் சரோஜாவுக்கு அண்ணனும்
உனக்கு மச்சானுமான
கயிற்றுக்கடை காதர்