துவாலை அலமாரியில் ஒரு சர்வர்

ஜனவரி 8, புதன்

கையேட்டு இணையத்தளம் காலையில் மறுபடி படுத்துவிட்டது. ராத்திரி தானாகவே எதையோ புதுப்பிக்கப் போய்ப் பாதியில் நின்றிருக்கிறது. எழுப்பிவிட்டேன். எழுப்பிவிட்டு உட்கார்ந்தபோது, இன்று எந்தப் பக்கத்தை எழுத வந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

நான் எழுதுகிறவள். ஊர் முழுக்கக் குழாயில் வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்கும் வெப்ப நிலையங்களுக்கு எங்கள் கம்பெனி மென்பொருள் செய்கிறது. அதை எப்படி ஓட்டுவது என்று நிலையத்துக்காரர்களுக்கு எழுதிச் சொல்வதுதான் என் வேலை. இரண்டு வருஷம் முன்புவரை கையேட்டை இணையத்தில் வாடகை இடத்தில் வைத்திருந்தோம். அப்புறம் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளை வெளி இணையத்திலிருந்து துண்டித்துவிட்டார்கள், பாதுகாப்பாம். எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு தனி வழி. ஆகவே கையேடு எங்கள் சொந்த சர்வரில்தான் இருந்தாக வேண்டும்.

"யார் பாத்துக்கறது?" என்று கூட்டத்தில் சாந்தெரி கேட்டான். முதலாளி அவன், என் மகன் வயது. எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். எங்கள் கூட்டங்களில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். நானும் மற்றவர்களைப் போலத்தான் பேசாமல் இருந்தேன். என் மௌனம் மட்டும் எப்படிச் செல்லுபடியானது?

ஜனவரி 10, வெள்ளி

வருஷத்தின் பத்தாவது வாரத்துக்கு, அதாவது மார்ச் தொடக்கத்துக்கு, வுவோகாட்டி பனிச்சறுக்கு மலையில் மரவீடு பதிவு செய்துவிட்டான் என் கணவன் இல்மாரி. குளிர்கால விடுமுறை என்றால் எங்களுக்கு அதுதான், கல்யாணமானதிலிருந்து. போன வருஷம் பாதியில் நான் பஸ் பிடித்து சர்வரைப் பார்க்க வந்துவிட்டேன்.

"இந்தத் தடவையும் நீ பாதியில கிளம்பறதா இருந்தா சொல்லிடு தூலிக்கி. இனிமே என் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

"கிளம்ப மாட்டேன்."

"போன வருஷமும் இதேதான் சொன்னே. நான் என்ன, அந்தப் பொட்டிக்கு ரெண்டாம் தாரமா?"

கோபம் வந்தால் அவன் கத்த மாட்டான், பாத்திரம் கழுவுவான். இன்று கழுவி அடுக்கியிருந்ததையும் எடுத்துக் கழுவினான்.

ஜனவரி 17

கையேட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று இரண்டு நிலையங்களிலிருந்து புகார். சரிசெய்தேன். எதனால் சரியானது என்று எனக்கே தெரியாது.

ஜனவரி 22, புதன்

ஹென்னா மேசைப் பக்கம் வந்தாள். நிரல் எழுதுகிறவள், கெட்டிக்காரி, அலுவலகத்துக்கு எதிர் வீட்டிலேயே குடியிருக்கிறாள்.

"எப்படி எழுப்பறதுன்னு எழுதிக் குடு. நீ இல்லாத அன்னிக்கு நான் பாத்துக்கறேன்."

"அதை எழுதற நேரத்துல நானே பத்துத் தடவை எழுப்பிடுவேன்."

"அது சரி. ஆனா பதினோராவது தடவை?"

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. நாள் முழுக்க ஊராருக்கு எழுதிவிட்டு, இதை எழுத விரல் வரவில்லை. அதுமட்டும்தானா? எனக்கு மட்டுமே தெரிந்தது என்று இந்த அலுவலகத்தில் வேறென்ன இருக்கிறது எனக்கு? — போதும். தூங்கலாம்.

பிப்ரவரி 3

அசதி. வெளியே மைனஸ் இருபத்தைந்து. ராத்திரி கார் எஞ்சினுக்குச் சூடு போட மறந்து, அது கிளம்பாமல், பஸ்ஸில் போனேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

அலுவலக சவுனாவுக்கு, எங்கள் ஊர் நீராவிக் குளியல் அறைக்கு, ரொம்ப நாளைக்குப் பிறகு உயிர் வந்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அதைச் சூடாக்க ஆளில்லை. உடை மாற்றும் அறையிலிருந்த துவாலை அலமாரியும் சும்மா கிடந்தது, இணையக் கம்பி இணைப்பும் அங்கே இருந்தது. அதனால்தான் என் சர்வரை அதில் வைத்தார்கள். இன்று யூவாஸ்கூலாவிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். விருந்தாளியை சவுனாவில் உட்காரவைக்காமல் அனுப்பினால் மரியாதையில்லை என்று சாந்தெரி அடுப்பைப் போட்டான். முதலில் ஆண்கள், அப்புறம் நாங்கள் பெண்கள்.

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு தோளின் இறுக்கம் தளர்ந்தது. அடுப்பின்மேல் காய்ந்து கிடந்த கல்லில் தண்ணீர் ஊற்றினேன், ஆவி காதைக் கடித்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக வெளியே வந்தவள் நான்தான்.

பிப்ரவரி 8, சனி

எழுதித் தீர்க்கிறேன்.

காலை உணவு முடியவில்லை, போன். ரெய்னோ. வடக்கே ஒரு சின்ன ஊரின் வெப்ப நிலையத்தில் இருப்பவர். சாவோ வட்டாரத்துக்காரர்கள் எல்லாரையும் போலப் பேச்சை நேராக ஆரம்பிக்காதவர். இன்று நேராக ஆரம்பித்தார்.

"ஏம்மா தூலிக்கி, கரண்டு ஒரு தடவை போயிட்டு வந்துச்சு, கொதிகலன் நின்னுருச்சு. உன் புஸ்தகம் தொறக்க மாட்டேங்குது. இங்க மைனஸ் இருபத்தொம்பது."

மென்பொருளின் புதுப் பதிப்பில் கொதிகலனை மறுபடி கிளப்பும் வரிசை மாறிவிட்டது. வரிசை தப்பினால் பம்புகள் தாமே பூட்டிக்கொள்ளும், அப்புறம் மதியம்வரை ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். மனப்பாடமாகச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். மூன்றாவது படி முதலிலா, நான்காவதா? தெரியல. நானே எழுதினது, எனக்கே தெரியல! வீட்டு மடிக்கணினியில் இருந்தது கையேட்டின் பழைய பதிப்பு.

"எதையும் தொடாதீங்க, நான் ஆபீசுக்குப் போய்ப் படிச்சுச் சொல்றேன்."

"சீக்கிரம் போம்மா. முதியோர் இல்லத்துலேர்ந்து அதுக்குள்ள ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. போர்வைய ரெண்டா போத்திவிட்டிருக்காங்களாம்."

இல்மாரி காரை எடுத்தான்.

அலுவலகத்தில் ஹென்னா எனக்கு முன்பே வந்திருந்தாள். ரெய்னோ முதலில் சாந்தெரியைக் கூப்பிட்டிருக்கிறார், அவன் இவளை அனுப்பியிருக்கிறான். உடை மாற்றும் அறை குப்பென்று அனலடித்தது. சவுனாவின் கதவு சுவர்வரை திறந்து கிடந்தது.

திறந்தது யார்? நான்தான். கடைசியாகக் குளிப்பவர் கதவைத் திறந்து, அடுப்பை இன்னும் கொஞ்ச நேரம் எரிய விட்டுப் போக வேண்டும், பலகை காய. பிறந்ததிலிருந்து செய்வது. கை தானாகச் செய்துவிட்டது. அடுப்பின் கடிகாரத்தையும் நான்தான் திருகிவிட்டேன், கடைசிக் கோடுவரை; கொஞ்ச நேரத்துக்குப் பதில் ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. விருந்துக்காகத் துவாலை வைத்து எடுத்த அந்த அலமாரியும் திறந்தே இருந்தது. அந்தச் சூடு முழுவதும் சர்வரின் மேல். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அணைந்துவிட்டது. வெப்பம் அனுப்புகிறவர்களின் கையேடு வெப்பத்தால் செத்துப்போனது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் என்னை அடித்துப் போட்டது அது இல்லை. ஹென்னா அதற்குள் ஜன்னலைத் திறந்து அறையை ஆற்றியிருந்தாள். பெட்டியை மறுபடி போட்டும் இருந்தாள். அது பூட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றிருந்தது. அதன் எதிரே துவாலை முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்து ரொம்ப நேரமாச்சு" என்றாள். "உனக்குப் போன் அடிச்சுக்கிட்டே இருந்தேன். நீ அவரோட பேசிக்கிட்டிருந்தே, அப்புறம் எடுக்கவே இல்ல." எழுந்து முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

கடவுச்சொல்லை அடித்தேன். இரண்டு முறை தப்பு. அப்புறம் வந்தது. போனில் ரெய்னோவுக்கு வரிவரியாகப் படித்தேன், அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கடைசியில் பம்பு ஓடும் சத்தம் போன்வழியாகவே கேட்டது.

"ஆங், மூச்சு விடுது" என்றார். "போய்க் காப்பி குடிம்மா."

காரில் வைத்து அழுதேன். இல்மாரி ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

சாந்தெரி திட்டவில்லை. "கம்பி மாத்த ஆள் ஏப்ரல்லதான் வருவாங்களாம், அதுவரைக்கும் பொட்டி அங்கயேதான்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

முதியோர் இல்லத்தில் யாருக்கும் ஒன்றுமில்லையாம். ரெய்னோ தானாகவே போன் செய்து சொன்னார். நான் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 13

சர்வரை எழுப்பும் முறையை எழுத ஆரம்பித்துவிட்டேன். வெட்கக்கேடு. ஊரில் உள்ள வால்வுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினவள், தன் பெட்டிக்கு ஒரு வரி எழுதவில்லை. பல இடங்களில் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. செய்து பார்த்து, நின்று, எழுதி, மறுபடி செய்து. கடவுச்சொல்லை உறையில் போட்டு சாந்தெரியின் பெட்டகத்தில் வைத்தாயிற்று. சாவி அவனிடமும் ஹென்னாவிடமும்.

பிப்ரவரி 19, புதன்

ஹென்னாவை வைத்துச் சோதித்தேன். முறை இதுதான்: அவள் பக்கத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும், எழுதியவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சைகைகூடக் கூடாது. இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள்.

"'வழக்கம்போல் உள்ளே நுழையவும்'னு எழுதியிருக்கே. யாரோட வழக்கம்?"

கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாகப் பிறர் எழுதியதில் இப்படித் தப்பு கண்டுபிடித்தவள் நான். இன்று மூஞ்சி எரிந்தது.

பிப்ரவரி 20

மறுபடி தோல்வி. ஐந்தாவது வரி.

பிப்ரவரி 26, புதன்

வேண்டுமென்றே சர்வரை அணைத்தோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். ஹென்னா உறையையும் அச்செடுத்த பக்கத்தையும் கொண்டுவந்தாள், படித்தாள், தட்டினாள். தளம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டும். கொஞ்சம் சந்தோஷம்தான். கூடவே ஒரு இடம் காலியானதுபோலவும் இருந்தது. இந்த வயதில் இதென்ன புத்தி?

மார்ச் 2, ஞாயிறு

வுவோகாட்டி. துணிப் பெட்டியைப் பிரித்தோம். போனை எங்கே வைப்பது என்று கேட்டேன். "உன் பூட்ஸுக்குள்ள" என்றான் இல்மாரி. வைத்தேன். பனிச்சறுக்குப் பாதை நல்ல பதத்தில் இருக்கிறது.

மார்ச் 5

நாள் முழுக்கப் பனிச்சறுக்கு. மதியம் வெயிலில் தொத்திறைச்சி சுட்டுத் தின்றோம். பூட்ஸைப் போடும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன். அழைப்பு இல்லை. இல்மாரி பார்க்காத மாதிரி பார்க்கிறான்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அலுவலகத்தில் மறுபடி விருந்தாளிகள், சவுனா. மறந்தே தொலைத்திருந்தேன், சாயங்காலம் சட்டென்று ஞாபகம் வந்தது. கதவில் 'மூடவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நம்மவர்களா மூடுவார்கள்? கை தானாகத் திறக்கும். போனை எடுத்தேன். ஹென்னாவின் பெயர்வரை போனேன். இல்மாரி எழுந்து பாத்திரம் கழுவப் போனான். போனைப் பூட்ஸுக்குள் போட்டேன்.

மார்ச் 8, சனி

நன்றாக விடிந்தபிறகு எழுந்தேன். அழைப்பு எதுவும் இல்லை. இல்மாரி விறகு எடுக்கப் போன சமயம், மனசு கேட்காமல் அலுவலக வழியாக உள்ளே போய்த் தளத்தைப் பார்த்தேன். திறந்தது. சர்வரை எழுப்பும் பக்கத்தின் அடியில் ஒரு வரி: கடைசியாகத் திருத்தியவர் ஹென்னா, இன்று காலை.

மேலே போய்ப் பார்த்தேன். என் முதல் படிக்கும் முன்னால் புதிதாக ஒரு படி முளைத்திருந்தது: 'சவுனாவின் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருக்கும். மூடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.'

ஆக, படுத்திருக்கிறது. எழுப்பியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

இல்மாரி விறகோடு உள்ளே வந்தான். என் கையில் போனைப் பார்த்து நின்றான்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ் இல்ல. செத்துப்போச்சு, எழுப்பிட்டாங்க."

"யாரு?"

"அவங்களே."

விறகை இறக்கினான். கையைத் தட்டிவிட்டு, "அப்ப சவுனா அடுப்பப் போடட்டுமா?" என்றான். மத்தியானமே இங்கே சவுனாவுக்குள் போய்விட்டோம், இருட்டுவதற்கு ரொம்ப நேரம் முன்பே. அவன் முன்னால் எழுந்து போனான். நான் கல் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக வெளியே வந்தது நான். கதவை நன்றாகத் திறந்து வைத்தேன்.