வலிக்காத முழங்கால்

தேனி,
ஆகஸ்ட் 18

அன்பு மகன் விஜய்ராஜுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் இங்கே சுகம். அங்கே நீயும் பிரின்சியும் பேத்தியும் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், எவ்வளவு சுகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு ஸ்டாம்பு ஒட்டி ஸ்வீடனுக்குக் கடிதம் போடுகிறான் என்று நீ நினைக்கலாம். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அவள் கேட்கிற கேள்விக்கு எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் மதினி வாசலில் நின்று பதில் சொல்லுவாள். இது மதினி பதில் சொல்லுகிற சங்கதி அல்ல. போன வாரம் பிரின்சி அம்மாவிடம் பேசும்போது, உனக்கு நாலு மாதமாக முதுகு வலி என்றும், அதனால் ஹால் சோபாவில்தான் படுக்கிறாய் என்றும், டாக்டரிடம் போகச் சொன்னால் எரிந்து விழுகிறாய் என்றும் சொன்னாள். அம்மா, தைலம் அனுப்பட்டுமா என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் அன்றைக்கே ஸ்டாம்பு வாங்கி வந்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் முழங்கால் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

என் முழங்கால் வலி உனக்குத் தெரியும், தேனி பஜாருக்கே தெரியும். யாருக்கும் தெரியாதது, அது ஒரு நாளும் வலித்ததில்லை என்பது. மகனுக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷமாக உன் அம்மாவோடு புருஷனாக இருக்க என் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மனசில் குறை ஒன்றும் இல்லை, உடம்புதான். அறுபத்தாறு வயதில் கிழவனுக்கு இது ஒரு கவலையா என்று சிரிக்காதே, அறுபத்தாறு வரும்போது உனக்கே தெரியும். கொஞ்ச நாள் வயசு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், கொஞ்ச நாள் பன்னிரண்டு வருஷத்துச் சுகர் மேல் பழியைப் போட்டேன், கடைசியில் ஜனவரி மாதம் டாக்டர் ஆதித்தனிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தைரியமாகக் கிளம்பிப் போனேன். தைரியம் கவுண்டர் வரைக்கும் வந்தது. அங்கே உட்கார்ந்து பெயரும் வியாதியும் கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் யார் தெரியுமா, நம் சபைப் போதகர் ஜெபராஜின் மூத்த மகள். நான் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்த பிள்ளை. அது சத்தமாக, “அங்கிள், ஒங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்கிறது. எனக்குப் பின்னால் டோக்கனோடு நிற்பது சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்து முத்துவீரன், நம் பைப்புக் கடையில் சொட்டுநீர் டியூப் வாங்குகிற ஆள். எதிர்ச் சுவரில் முழங்கால் மூட்டைப் பிளந்து காட்டுகிற படம் ஒன்று தொங்கியது. முழங்கால் என்று சொல்லிவிட்டேன். எந்தக் காலு என்றது. வலது என்றேன். அத்தோடு முடிந்தது என் தைரியம்.

டாக்டர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சொன்ன வியாதிக்குத்தானே அவர் வைத்தியம் பார்ப்பார். எக்ஸ்ரே எடுத்து, வலிக்காத முழங்காலில் தேய்மானம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மாத்திரை தந்தார், இறுக்கிப் பிடிக்கிற உறை ஒன்று தந்தார், தரையில் உட்காரக் கூடாது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், நம் மூத்த சகோதரர் பொன்னுராஜின் வலது முழங்காலுக்காக ஊக்கமாய் ஜெபிப்போம் என்று மைக்கில் அறிவித்தார். மாதர் சங்கத்தார் பதினோரு பேர் வீட்டுக்கு வந்து என்னை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சுற்றி முழங்கால்படியிட்டார்கள். நல்ல முழங்கால் உள்ள நான் நாற்காலியில், மூட்டு வலிக்காரப் பெண்கள் எல்லாம் தரையில். நற்கருணை எடுக்கும்போதும் மற்றவர்கள் முழங்காலில் இருக்க, நான் ஒருவன் மட்டும் நின்றுகொண்டே எடுத்தேன். முத்துவீரன் குமுளியில் ஒரு வைத்தியரிடம் தைலம் வாங்கி வந்து கொடுத்து, “அண்ணாச்சி, எங்க ஐயாவுக்கு இதத்தான் போட்டாக, இப்ப மலையேறுறாக” என்றார். அந்தத் தைலத்தைத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம் முடிந்ததும் உன் அம்மா சூடாக்கித் தேய்ப்பாள், வீடு முழுக்க அதே வாசனை. நொண்டி நடப்பதும் லேசான வேலை இல்லை, ஒரு நாள் கடையில் இடது காலை இழுத்து நடந்துவிட்டேன், கடைப் பையன்கள் வலி இடம் மாறிவிட்டது என்று வருத்தப்பட்டார்கள். கட்டிலில் கால் நீட்ட முடியவில்லை என்று சொல்லி ஹாலில் படுக்கத் தொடங்கினேன். அதற்காகத்தான் முழங்காலே தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மே மாதம் நீ ஒரு கட்டுரை அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா. உங்கள் ஆராய்ச்சிக் குழுவுடையது, வாசியுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். நான் மூன்று வரி வாசித்தேன், எதைப் பற்றி என்று தெரிந்தது, கல்லாவில் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். யாராவது மகன் என்ன வேலை என்று கேட்டால் இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், எந்தக் கம்ப்யூட்டர் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஜூன் மாதம் பின்கட்டு ஏணியில் ஏறி இரண்டரை அங்குல பைப்பு இறக்கும்போது மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்தேன். என் இங்கிலீஷுக்கு இரண்டு மத்தியானம் ஆயிற்று. ஆம்பளைக்கு அந்த இடத்துக்குப் போகிற ரத்தக் குழாய் சன்னமானது, அதனால் அடைப்பு முதலில் அங்கே காட்டும், நெஞ்சுக்குப் போகிற குழாய் கொஞ்சம் பெரிது, அது இரண்டு மூன்று வருஷம், சிலருக்கு ஐந்து வருஷம் கழித்துக் காட்டும், சுகர் இருக்கிறவர்கள் கண்டிப்பாக நெஞ்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைக்கிறவர்கள்தான் அதிகம் என்று போட்டிருந்தது. பைப்பு விற்கிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஒன்பது பேர் பெயர் இருந்தது, எட்டாவதாக விஜய்ராஜ் பொன்னுராஜ் என்று இருந்தது. என் பெயரும் அங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, தெரிந்த முகம் இருக்காது என்று மதுரைக்குப் போனேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கவுண்டரில் முன்பின் தெரியாத பெண், என்ன தொந்தரவு என்று கேட்டாள், நான் பழக்கத்தில் முழங்கால் என்றேன்! சீட்டும் எழுதிவிட்டாள். அதை மாற்றச் சொல்லி எலும்பு டாக்டரிடம் இருந்து தப்பிப்பதற்குள் வியர்த்துவிட்டது. உள்ளே டாக்டர் மகாலட்சுமி, உன் வயதுதான் இருக்கும். மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை, எத்தனை வருஷமாக என்று மட்டும் கேட்டாள், நான் ரேடியோவில் மழையளவு சொல்லுகிற மாதிரி சொன்னேன். இசிஜி, டிரெட்மில், அடுத்த வாரம் ஆஞ்சியோகிராம். இரண்டு அடைப்பு. ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இன்னொன்றுக்கு மாத்திரை. உனக்கு அப்போது மதுரையில் கல்யாணம் என்று சொன்னோம், அது பொய், மன்னித்துக்கொள். நீங்க இதைச் சொன்னதாலதான் நெஞ்சைப் பார்க்கணும்னு தோணுச்சு, முழங்கால்னு வந்திருந்தா முழங்காலைத்தான் பார்த்திருப்போம் என்று அந்த டாக்டரம்மா சொன்னாள். மருந்துக் கடையில் இதற்கென்று நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்றும் கேட்டாள், இல்லை என்றதும் நல்லது என்றாள். அந்த மாத்திரை நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக இறங்கி உயிருக்கே ஆபத்தாம். சுகரை அடக்குங்கள், தினமும் நடங்கள், மற்றதை மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றாள். இப்போது தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், நொண்டாமல்.

ஸ்டென்ட் வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் வார்டில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் பொய் என்பதையும் சொன்னேன். அவள் திராட்சைப் பழத்தைக் காம்பு கிள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே, “தெரியும். பிப்ரவரியிலயே ஏணியில ஏறி பைப்பு எடுத்தீகள்ல, அப்பவே தெரியும்” என்றாள். அப்புறம் எதற்கு இத்தனை மாதமாகத் தைலம் தேய்த்தாய் என்று கேட்டேன். அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள், “கர்ப்பப்பைய எடுத்ததுக்கப்பறம் நீங்க என்னையக் கிட்டவே அண்டவிடல. இனி இவ எதுக்குன்னு நெனச்சிட்டாக போலன்னு இருந்தேன். முழங்காலையாச்சும் தொட விட்டீகளே, அதையும் கெடுப்பானேன்.” அவளுக்கு அந்த ஆபரேஷன் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு உடம்பு ஒத்துழைக்காமல் போனது அதற்கு அடுத்த வருஷம். இரண்டையும் அவள் சேர்த்துக் கணக்குப் பண்ணியிருக்கிறாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது அவள் தன்மேல் குறை தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பத்து மூன்று வருஷக் கல்யாணத்தில் அன்றைக்குத்தான் அவள் முன்னால் அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ஆபரேஷன் பயம் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

போன ஞாயிறு போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார், முழங்கால் சுகமானதற்கு. மைக்கைப் பிடித்து, என் முழங்கால் வலித்ததே இல்லை, டாக்டரிடம் வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன், உங்களை எல்லாம் பொய்க்கு ஜெபிக்க வைத்தேன், உண்மையைச் சொன்ன பிறகுதான் நெஞ்சில் அடைப்பு தெரிந்தது, அதனால் ஆண்கள் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எந்த வியாதிக்கு வெட்கம் என்று விரிவாகச் சொல்லவில்லை, சபையில் அவ்வளவுதான் முடியும். போதகரின் மகள் தலையைக் குனிந்துகொண்டது. ஆனால் ஆராதனை முடிந்து பைக் நிறுத்துகிற இடத்தில், மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தனியாக வந்து, மதுரை டாக்டர் நம்பர் வேண்டும் என்றார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டேன். மூன்று பேருமே, “முழங்காலுதான் அண்ணாச்சி” என்றார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நாற்பத்திரண்டு வயது. நம் வீட்டு ஆண்களுக்குச் சுகர் சீக்கிரம் வரும், உனக்கு எல்லையில் நிற்கிறது என்று போன வருஷமே சொன்னாய். நாள் முழுக்க உட்கார்ந்து அடுத்தவன் ரத்தக் குழாயைப் பற்றி எழுதுகிறாய். முதுகு வலி என்றால் முதுகு வலியாகவே இருக்கட்டும், சோபாவில் படுத்தால் முதுகு வலி கூடத்தானே செய்யும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது. நான் டாக்டர் இல்லை, உன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் ஆசை இல்லை. ஆனால் ஹாலில் படுத்த மனுஷன் நான், அதனால் கேட்கிறேன். ஏலே, முதுகுதானா? வேறு ஏதாவது என்றால் எனக்கு எழுத வேண்டாம், டாக்டரிடம் சொல், அதற்கு முன்னால் பிரின்சியிடம் சொல். அவள் தன்மேல் என்ன குறையைத் தேடிக்கொண்டிருக்கிறாளோ நமக்குத் தெரியாது.

பேத்திக்கு முத்தங்கள். குளிருக்குக் காதை மூடச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் நடத்துவாராக. சுகர் டெஸ்ட் எடுத்த தேதியை மட்டும் போனில் அம்மாவிடம் சொல், பஞ்சம்மாள் மதினி கேட்டாலும் பரவாயில்லை. மணி ஏழு ஆகப் போகிறது, உள்ளே தைலம் சூடாகிற வாசனை வருகிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. போய்க் காலை நீட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு முழங்காலும் நன்றாயிருக்கிற உன் அப்பா,
பொன்னுராஜ்