சீட்டில் நான் எழுதிய கொத்தமல்லி

சுங்கை ரம்பாய், மலாக்கா. 1953 மார்ச் 14, சனிக்கிழமை, மாலை நாலு இருபது. இந்த நேரம்வரை நம் தோட்டத்தில் டைபாய்டு கண்டவர்கள் பத்தொன்பது பேர், இறந்தவர்கள் இரண்டு பேர்.

அன்பு மகள் ரோசுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பியும் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம், திருச்சியில் நீயும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறோம். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, உனக்கே தெரியும். கோமளா இறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், மலாக்கா ஆஸ்பத்திரியில். நீ கப்பல் ஏறும்போது அவளிடம் விட்டுப்போன பச்சைத் தாவணியைத்தான் உடுத்தி அடக்கம் செய்தார்கள். உன் சிநேகிதி சாவைக் காகிதத்தில் படிக்க வைக்கிறேனே என்று அம்மா என்னைத் திட்டினாள், ஆனால் வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வதுதான் முறை, ஏனென்றால் இதில் என் கை இருக்கிறது.

காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு கூடாது என்று சர்க்கார் முள்வேலிக்குள் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களைக் கொண்டுவந்து அடைத்த பிறகு காய்கறித் தோட்டமும் வேலிக்குள்தான் போடவேண்டும் என்றாயிற்று, அது நீ இருக்கும்போதே. இந்த வருஷம் ஜனவரியிலிருந்து மழையே இல்லை, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. குளிப்பறை, கக்கூஸ் தண்ணீரை நான் தொட்டி கட்டி மணலில் வடிகட்டி விடுகிறேனே, அந்தத் தண்ணீர் சும்மா ஓடையில் போகிறதே என்று மேனேஜரிடம் சண்டை போட்டு, சுகாதார போர்டுக்கு எழுதி, பாத்திகளுக்கு விட அனுமதி வாங்கினேன். போர்டு விதி தெளிவானது. பூவுக்கும் ரப்பர் நாற்றுக்கும் விடலாம், வேகவைத்துத் தின்னும் காய்க்கு விடலாம், பச்சையாகத் தின்னும் எதற்கும் விடக்கூடாது. அப்படி விளைந்ததை விற்க ஆளுக்கு ஒரு சீட்டு, அதில் என்னென்ன செடி என்று சுகாதார ஓவர்சியர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஓவர்சியர் நான். வேலாயி சின்னம்மா சீட்டில் முளைக்கீரை, கத்தரி, வெண்டை, கொத்தமல்லி என்று எழுதினேன். கொத்தமல்லி குழம்பில் போடுவதுதானே, வெந்துவிடும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை, கேட்க எனக்குப் பொறுமை இல்லை, வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

காய்ச்சல் வந்த வீடுகளை நான் கணக்கெடுத்து, கோமளா வீட்டையும் சேர்த்து எல்லோரும் வேலாயியிடம் மல்லி வாங்கியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள், குழம்பை இறக்கின பிறகுதான் மல்லியைத் தூவுறோம், துவையலைப் பச்சையாத்தான் அரைக்கிறோம், பதினேழு வருஷமா தின்னீங்களே, ஒரு நாளாவது அடுப்படியை எட்டிப் பாத்தீங்களா என்று. காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது, வேலி கேட்டில் தடவிப் பார்க்கிறார்கள், அதனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மதியம் பசியோடு வருகிறவர்கள் காய் வேகும்வரை பொறுப்பதில்லை. மல்லியும் மிளகாயும் உப்பும் வைத்து அரைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். நான் வடிகட்டி விட்ட தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, கழுவக்கூடத் தோன்றியிருக்காது. நம் வீட்டிலும் அதே துவையல்தான். எங்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது, லயத்துக்கு மருந்து வந்து சேரவில்லை.

இப்போது எல்லாப் பழியும் வேலாயிமேல். சாக்கடைத் தண்ணீரில் வளர்த்துத் திருட்டுத்தனமாக விற்றாள் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொடுத்துவிட்டார், இந்த எமர்ஜென்சிக் காலத்தில் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று சொல்லமுடியாது. வேலாயி புருஷன் காளிமுத்து அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு நேற்று ஆபீசுக்கு வந்தார். வேலாயி உட்காரவில்லை. சீட்டை மடியிலிருந்து எடுத்து என் மேசையில் போட்டாள். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா, நீங்கதான் படிச்சவுக, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க லா என்றாள். நான் படித்தேன், சத்தமாக. கொத்தமல்லி என்ற சொல்லுக்கு வந்ததும் போதுங்கய்யா என்று போய்விட்டாள். சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குச் சாட்சி அது ஒன்றுதான், அதை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கிராணி மெதுவாகச் சொல்கிறார், அடுப்பில் போடு பாக்கியசாமி, உன் மகள் படிப்பை நினைச்சுப் பாரு என்று. நினைத்துப் பார்த்தேன். வேலை போனால் உன்னை அங்கே படிக்கவைக்க என்னால் முடியாது, அதை மறைக்கவில்லை. நீ என்மேல் கோபப்படலாம், அது நியாயம்.

ரோசு, தண்ணீரைக் காய்ச்சியே குடி. ஹாஸ்டலில் பச்சையாக எதைத் தந்தாலும் வேண்டாம் என்று சொல், வெட்கப்படாதே. கோமளாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல், அவள் வேறு சாமி கும்பிட்டவள் என்று சிஸ்டர் சொன்னால் அப்பா கேட்டார் என்று சொல். கர்த்தர் உன் படுக்கையிலும் வழியிலும் துணையாக இருக்கட்டும். இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை எட்டு மணி விசாரணையில் சீட்டைக் கொடுப்பேன். எழுதியது நான், வேலாயி விதிப்படிதான் விற்றாள் என்பேன்.
2. அதற்குமுன், நாளைக்கே, பாத்திக் குழாயைப் பூட்டிச் சாவியை மேனேஜரிடம் கொடுப்பேன்.
3. செடிப்பட்டியலை அம்மாவையும் லயத்துப் பெண்களையும் உட்காரவைத்துக் கேட்டுத் திருத்தி போர்டுக்கு அனுப்புவேன், என்னை வேலையில் வைத்தாலும் வைக்காவிட்டாலும்.
4. உன் பள்ளித் தலைமை சிஸ்டருக்கு, இனி பணம் கட்டமுடியாமல் போகலாம் என்ற உண்மையை எழுதுவேன்.
5. வேலாயி வீட்டுக்குப் போவேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. போவேன்.

உன் அப்பா,
பாக்கியசாமி